புல்வெளி மக்களுக்கு ஆடலே இல்லையாம்!

கஸாக்குகள் நாடோடிகள், அவர்களுக்குப் பாட்டுண்டு, தோம்ப்ரா என்னும் நரம்பிசைக் கருவியுண்டு, ஆடல் மட்டும் இல்லை, அதை அளித்தது சோவியத் ஆட்சியே என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். இப்போது அவ்வாதத்தையே தலைகீழாக்கி, ஷாரா ஜியென்குலோவா மேடையில் ஆடியதெல்லாம் அரசாங்கச் சரக்கு என்பாருமுளர். முன்னவர் ஒரு சமுதாயத்தையே வெறுங்கையாக்கினர். பின்னவர் அப்பெண்மணியைப் பொம்மையாக்குகின்றனர். இரண்டும் நாம் ஏற்கத்தக்கன அல்ல.

மேடை இல்லையென்பது மெய். மேடை இல்லாவிடில் ஆடலும் இல்லையென்று எந்த நூல் விதித்தது? குதிரையின் நடையைத் தோளிலும் கையிலும் காட்டும் 'கரா ஜோர்கா', நூலிழுத்து நெய்வதை அபிநயிக்கும் 'ஒர்மெக் பி', வேட்டைக் கழுகின் ஆட்டம் ஆகியவை எந்த அரசாணையில் பிறந்தன? உழைப்பிலிருந்து எழுந்த அசைவுகள் அவை.

1912இல், அன்று வெர்னி எனப்பட்ட அல்மாட்டியில் பிறந்த ஷாரா, 1934இல் தொடங்கிய கஸாக் இசை நாடக அரங்கின் முதல் தலைமுறைக் கலைஞர்களுள் ஒருவர். வரிசையமைப்பையும் சுழற்சியையும் பாலே நடனத்திடமிருந்து அம்மேடை கடன் வாங்கியது, இதை மறைப்பானேன்? ஆனால் அவர் அமைத்த 'தாத்திம்பெத்' நடனம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது? 1815இல் பிறந்த தோம்ப்ரா மேதையின் பெயரை! கடன் வாங்கிய பாத்திரத்தில் ஊற்றியது சொந்த வீட்டுப் பால்.

அரசுக்கு உள்நோக்கம் இருந்ததை மறுக்கவில்லை. 1931 முதல் 1933 வரை கொடும்பஞ்சத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் மாண்ட நாடு அது. அச்சுவடு மறையுமுன், 1936 மே மாதம் மாஸ்கோவில் கஸாக் கலைவிழா! அவ்விழாவுக்காகப் பாடுபட்ட கல்வி ஆணையர் தெமிர்பெக் ஜூர்கெனோவ் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்சிப் பொருளாக்க எண்ணியவர்களின் குற்றத்தை ஆடியவளின் தலையில் சுமத்துவது என்ன நியாயம்?

முஸ்லிம் பெண் மேடையேறலாமா என்பது வேறு விவாதம். அதைக் காட்டி ஒருவரின் உழைப்பை இருட்டடிப்புச் செய்வது முறையன்று.

போர்க்காலத்தில் படைவீரர் முன் ஆடிய ஷாரா, 1966 முதல் 1975 வரை அல்மாட்டி நடனப் பள்ளியின் இயக்குநராக இருந்தார், 1991இல் மறைந்தார். கஸாக் நடனம் மாஸ்கோவின் கொடை என்போர், அப்பள்ளி மாணவியர் யாரைப் பார்த்துத் தோளசைக்கக் கற்றனர் என்பதை முதலில் சொல்லட்டும்.