ஒத்த அடி

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கோயில் முன்றில். மாலை வேளையில் அங்கே வள்ளிகும்மிப் பயிற்சி நடைபெறுகிறது. ஆடவரும் மகளிரும் சிறுவருமாக நூற்றுவர் வட்டமாக நிற்கின்றனர். முருகன் வள்ளியை மணந்த கதையை ஆசிரியர் பாடுகிறார்; மற்றையோர் அதனை வாங்கிப் பாடுகின்றனர். கைகள் கொட்டுகின்றன, கால்கள் பெயர்கின்றன. இருநூறு கைகளிலிருந்து எழுவது ஒரே ஓசை. எவரும் எவரையும் பிடித்து அசைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து அடி வைப்பாரும் இல்லை. அங்ஙனமாயின், இவ்வொருமை எங்கிருந்து வந்தது?

பழக்கத்தால் வந்தது என்று பலர் எளிதாக விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. பழக்கம் எதனைப் பழக்கியது என்று மேலும் கேட்டல் வேண்டும். அது பழக்கியது புலன்களையும், அவற்றைத் தொகுத்தறியும் மனத்தையுமேயாம். புலன்களை அடக்குக என்று அறநூல்கள் கூறும். அடக்குதல் என்பது மூடிவிடுதல் அன்று, நெறிப்படுத்துதலே ஆகும். பிறரோடு ஒத்து இயங்குமாறு புலன்களை நெறிப்படுத்துதலும் கல்வியின் ஒரு கூறு. அக்கூற்றை இக்காலப் பள்ளிகள் நெகிழவிடலாகாது.

புலன்களின் பெருமையைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பியர், ஊற்றுணர்வை முதலிலும், பின்னர்ச் சுவையையும் நாற்றத்தையும் காட்சியையும் கேள்வியையும், இறுதியில் மனத்தையும் வைத்தார். எழுத்தொலியின் அளவாகிய மாத்திரைக்கு அவர் காட்டிய அளவுகோல் யாது? கண் இமைப்பும் கை நொடிப்புமே. கருவி எதனையும் நாடாது, மாந்தர் உடலின் இயல்பான அசைவைக் கொண்டே காலம் அளக்கப்பட்டது. உடலே முதற் கடிகாரம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

காலத்தை அறிவதில் செவிக்கே முதலிடம். ஒளி ஓசையினும் பன்மடங்கு விரைவானது; ஆயினும், ஒளியைக் கண்டு அசைவதினும் ஓசையைக் கேட்டு அசைவதில் மனிதன் விரைவுடையவன். ஓசை கேட்டுக் கையசைக்க ஏறத்தாழ 0.15 நொடியும், ஒளி கண்டு கையசைக்க ஏறத்தாழ 0.2 நொடியும் ஆகும். செவியின் உள்ளே உள்ள நுண்மயிர் உயிரணுக்கள் அதிர்வை நேரே நரம்புக் குறிப்பாக மாற்றிவிடுகின்றன. கண்ணிலோ, ஒளி பட்டபின் வேதியியல் மாற்றங்கள் பல நிகழ்ந்த பின்னரே குறிப்பு எழுகிறது. ஓட்டப் பந்தயத்தைத் தொடங்க ஓசையைப் பயன்படுத்துவது இவ்வியல்புக்குப் பொருந்தியதேயாகும். உலகப் போட்டிகளில், தொடக்க ஓசைக்குப்பின் 0.1 நொடிக்குள் ஒருவர் கால் பெயர்ப்பாராயின், அவர் ஓசை கேட்டு ஓடவில்லை, முந்திவிட்டார் என்றே கொள்வர். ஓசை எல்லார்க்கும் ஒருங்கே கேட்டற்பொருட்டு ஒவ்வொருவர் பின்னும் ஒலிபெருக்கி வைப்பதும் உண்டு.

ஆயினும், கும்மியின் ஒருமை ஓட்டப் பந்தயத்தின் ஒருமை அன்று. ஒவ்வொருவரும் கொட்டோசையைக் கேட்டபின் கை கொட்டுவதாயின், அனைவரும் பிந்திவிடுவர். வட்டம் முழுதும் ஓசை சிதறும். உண்மையில் நிகழ்வது வேறு. சீரான தாளத்திற்கு ஏற்ப விரலால் தட்டுமாறு பணித்து ஆராய்ந்த அறிஞர், பெரும்பாலார் தாள ஓசைக்கு இமைப்பொழுதிற்கும் குறைவான சிறு பொழுது முன்னரே தட்டுதலைக் கண்டனர். செவி சென்ற அடியைச் சொல்லுகிறது. மனம் வரும் அடியைக் குறித்துக் காத்திருக்கிறது. ஒத்தியங்குதல் என்பது பின்பற்றுதல் அன்று, எதிர்நோக்குதல் ஆகும். ஆறாம் அறிவை இறுதியில் வைத்த முறையின் அருமை இங்கே விளங்கும்.

செவி காலத்தைக் காட்டும். ஊற்றுணர்வு விசையைக் காட்டும். மின்விசை இறைப்பி பரவுமுன் கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்தோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சால் நீரில் அமிழ்ந்து நிறைவதை உழவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நீர் புகும் ஓசை செவிக்கும், வடத்தில் ஏறும் கனம் கைக்கும் அதனை உணர்த்தும். உணர்ந்த அளவிலே எருதுகளை வாரியில் இறக்குவார். குரலறிந்து எருதுகளும் நடக்கும். மனிதனும் விலங்கும் கயிறும் நீரும் ஓரியக்கமாய் இணைந்த காட்சி அது. 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்விசை கோவைப் பகுதிக்கு வந்தது. காலப்போக்கில் கவலை மறைந்தது. உழவரின் முதுகும் எருதின் கழுத்தும் ஆறின, அது நன்றே. பழைய உழைப்பை மீட்டல் வேண்டும் என்பாரில்லை. ஆனால், அவ்வுழைப்போடு சேர்ந்து மறைந்த புலப்பயிற்சிக்கு ஈடாக இளைஞர் பெற்றது யாது என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

கண், செவி, கை ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும் என்பதை அவிநாசித் தேரோட்டம் காட்டும். சித்திரைத் திருவிழாவில் ஓடும் அத்தேர் தமிழகத்துப் பெருந்தேர்களுள் ஒன்று. வடம் பிடிப்போர் பலர். அவர் எழுப்பும் ஆரவாரமோ பெரிது. ஓசை ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆதலின் 100 மீட்டர் தொலைவில் நிற்பவர்க்கு ஒரு குரல் ஏறத்தாழ 0.3 நொடி பிந்தியே கேட்கும். செவியை மட்டும் நம்பினால் முன்னிற்பவரும் பின்னிற்பவரும் வெவ்வேறு பொழுதில் இழுப்பர். அங்கே கையசைப்பைக் காணும் கண் துணை செய்கிறது. கூட்டம் கண்ணை மறைக்குமிடத்து, வடத்தின் இறுக்கத்தை அறியும் கை துணை செய்கிறது. சக்கரத்தின் அடியில் கட்டையிட்டுத் தேரைத் திருப்புவோரும் நிறுத்துவோரும் இம்மூன்றையும் ஒரு கணமும் சோரவிடலாகாது. அங்கே ஒருவர் சோர்ந்தால் கெடுவது தாளம் அன்று, உயிரே கெடும்.

ஒரு புலன் குறைந்தவர் இவ்வொருமையிலிருந்து நீங்கவேண்டுமோ எனின், வேண்டா என்பதே விடை. ஸ்காட்லாந்து நாட்டு எவலின் கிளென்னி அம்மையார் இளமையிலேயே செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். ஆயினும் வெறுங்காலோடு மேடையில் நின்று, காலாலும் உடலாலும் அதிர்வை உணர்ந்து, உலகம் போற்றும் தாளக் கலைஞராய் விளங்குகிறார். ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயிலால் தாளம் உள்ளே புகும். ஆதலின், கேள்வி குன்றிய மாணவனை ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்த்துதல் அறியாமையாகும்.

இயல்பாய்ப் பெற்ற புலனை வீணே இழத்தலோ அதனினும் பேதைமை. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்பது செவிக்குத் தீங்கு என்பர் அறிஞர். சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறியின் ஓசையிடையே உழைப்போர்க்குச் செவிக்காப்பு இன்றியமையாதது. செவிக்குள் கருவி பொருத்திப் பாட்டுக் கேட்டவாறே சாலையையும் இருப்புப்பாதையையும் கடக்கும் இளைஞர், வரும் ஊர்தியின் ஓசையைத் தாமே அடைத்துவிடுகின்றனர். செவிக்குக் காப்பிடுதல் அறிவுடைமை. கேட்கவேண்டிய இடத்தில் அதனை அடைத்தல் அறிவுடைமையோ?

பலரும் ஒருங்கே அடி வைத்தல் மந்தையின் செயலாகும் என்றும், அதனால் தனிச்சிந்தனை குன்றும் என்றும் சிலர் கூறுவர். அச்சத்தால் ஒன்றுபட்ட கூட்டத்திற்கு அக்கூற்று பொருந்தலாம்; கும்மிக்குப் பொருந்தாது. கும்மியாடுபவர் தம் குரலையும் அயலார் குரலையும் ஒருங்கே கேட்கிறார். தம் அடி முந்தினால் தாமே தணிக்கிறார். பிந்தினால் தாமே விரைகிறார். பிறரை உற்றுக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளுதல் தனிச்சிந்தனைக்குப் பகை அன்று. அதற்குத் துணையே ஆகும். பாடம் பயிலும் நேரம் குறையும் என்பாரும் உளர். வாரத்தில் அரைமணி நேரம் பள்ளி முற்றத்தில் கும்மியும் ஒயிலும் பயில்வதால் எப்பாடமும் கெட்டுவிடாது.

கோவையைச் சேர்ந்த பத்திரப்பன் அவர்கள் வள்ளி ஒயில் கும்மியைப் பலருக்குக் கற்பித்தவர். ஆடவரே ஆடிவந்த அக்கலையில் மகளிர்க்கும் இடமளித்தார். 2024ஆம் ஆண்டில், தம் 87ஆம் வயதில், பத்மஸ்ரீ விருதிற்குரியவராய் அறிவிக்கப்பெற்றார். வட்டம் விரியுந்தோறும் ஓசை சிதறும் என்று அஞ்சுவர். உற்றுக் கேட்போர் கூடும்வரை அவ்வச்சம் வேண்டுவதில்லை என்பதற்கு அவர்தம் பணியே சான்று.

கண்டும் கேட்டும் உற்றும் அறிந்து, அயலாரின் அடியை எதிர்நோக்கித் தன் அடியை வைப்பவன், ஆடுகளத்தில் மட்டுமன்றிச் சாலையிலும் தொழிற்சாலையிலும் பிறர்க்கு இடையூறாகான். அத்தகைய மாணவரை ஆக்குவதும் கல்வியின் கடனேயாம்.