இனிப்பின் விலை

நுழையும்முன்

ஒரு பொருளின் விலையை விற்பவர் சொல்லிவிடுவார். அதன் மதிப்பை வாங்குபவர்தாம் கண்டறிய வேண்டும். நாவில் வைத்தவுடன் கரைந்துவிடும் சாக்லேட்டு நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இந்த வேறுபாடு எதனால் வருகிறது? அது தகுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

பேரங்காடியின் கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு சாக்லேட்டுகள் அருகருகே இருக்கின்றன. இரண்டின் எடையும் நூறு கிராம். ஒன்று மெல்லிய வண்ணத் தாளில் சுற்றப்பட்டது. விலை நூறு ரூபாய். மற்றொன்று தடித்த அட்டைப்பெட்டிக்குள் பொன்னிற எழுத்துகளுடன் இருப்பது. விலை ஆயிரம் ரூபாய். 'விலை கூடினால் தரமும் கூடியிருக்கும்' என்பர் ஒரு சாரார். 'இரண்டும் கொக்கோவும் சர்க்கரையும்தானே. மிகுதியெல்லாம் பகட்டு' என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளிலும் பாதி உண்மையே உள்ளது. மீதிப் பாதியை அறிய, சாக்லேட்டு உருவாகும் வழியைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும்.

சுவை பிறக்கும் வழி

கொக்கோ மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகள். மாயர், அசுடெக் ஆகிய இனத்தார் அதன் விதைகளைப் பானமாக்கிப் பருகினர், நாணயமாகவும் பயன்படுத்தினர். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, இம்மரத்திற்குத் 'தெய்வங்களின் உணவு' என்னும் பொருள்படும் 'தியோபுரோமா' என்ற பேரினப் பெயரைச் சூட்டினார்.

கொக்கோக் காய்கள் கிளை நுனியில் தொங்குவதில்லை. பலாவைப் போல அடிமரத்தையும் பெருங்கிளைகளையும் ஒட்டியே காய்க்கின்றன. ஒரு காய்க்குள் வெண்ணிறச் சதை சூழ்ந்த முப்பது முதல் ஐம்பது விதைகள் இருக்கும். பறித்தவுடன் அவ்விதைகளைக் கடித்தால் கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும். அவற்றைக் குவித்து வாழை இலைகளால் மூடி, ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை நொதிக்க விடுவர். பின்னர் வெயிலில் உலர்த்துவர். சாக்லேட்டின் மணத்திற்கு அடித்தளம் இடப்படுவது இந்நாள்களில்தான். நொதித்தலில் கவனம் தவறினால், அதன்பின் எத்துணைச் சிறந்த எந்திரத்தாலும் அச்சுவையை மீட்க இயலாது.

உலர்ந்த விதை வறுக்கப்பட்டு, தோல் நீக்கி அரைக்கப்படுகிறது. விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு ஆதலால் அது மாவாகாமல் குழம்பாகிறது. அக்குழம்பை நெடுநேரம் தொடர்ந்து கடைந்து மென்மையாக்கும் முறையை 1879ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ரோடால்ப் லிண்ட் கண்டறிந்தார். கொக்கோ வெண்ணெய் எனப்படும் அக்கொழுப்பு, மனித உடலின் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே உருகுவது. சாக்லேட்டு கையில் திடமாகவும் வாயில் நீர்மமாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

மலிவான இனிப்புகள் பலவற்றில் இவ்வெண்ணெய்க்கு மாற்றாக வேறு தாவரக் கொழுப்புகள் இடம்பெறுகின்றன. சாக்லேட்டு என்று பெயரிட்டு விற்கப்படும் பொருளில் அத்தகைய மாற்றுக் கொழுப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே, நல்ல விதையைத் தேர்ந்து, முறையாக நொதிக்க வைத்து, கொக்கோ வெண்ணெயைக் குறைக்காமல், சிறு அளவில் பொறுமையுடன் செய்யப்படும் சாக்லேட்டு கூடுதல் விலை பெறுவது நியாயமே. அவ்விலை உழைப்புக்கும் திறனுக்கும் உரியது.

கணக்கு சொல்லும் செய்தி

ஆனால், எவ்வளவு கூடுதல்? எளிய கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்கும். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகச் சந்தையில் கொக்கோவின் விலை வரலாறு காணாத அளவு உயர்ந்து, ஒரு டன் 10,000 டாலரைக் கடந்தது. அதாவது, ஒரு கிலோ விதை பத்து டாலர். நூறு கிராம் அடர்சாக்லேட்டுக்கு ஏறத்தாழ நூறு கிராம் விதை போதும். விலை அவ்வளவு உயர்ந்திருந்த அந்நாளிலும் அதன் மதிப்பு ஒரு டாலரை ஒட்டியதே. நம் பணத்தில் நூறு ரூபாய்க்கும் குறைவு. உயர்ரக விதைக்கு இருமடங்கு கொடுத்தாலும் இருநூறு ரூபாயைத் தாண்டாது. ஆயிரம் ரூபாயில் எஞ்சிய தொகை செய்வோரின் கூலிக்கும், கடை வாடகைக்கும், போக்குவரத்துக்கும், பெட்டிக்கும், பெயருக்கும் செல்கிறது. இவற்றுள் கூலி தேவையானது. பெட்டியும் பெயரும் நாவுக்கு எதையும் தருவதில்லை.

ஈக்வடார் நாட்டின் டோவாக் என்னும் நிறுவனம் ஐம்பது கிராம் சாக்லேட்டை மரப்பெட்டியில் வைத்துச் சில நூறு டாலருக்கு விற்றுள்ளது. அருகிவரும் நாசியோனால் என்னும் பழைய கொக்கோ இனத்தைக் காக்கும் முயற்சியிலும் அது ஈடுபட்டுள்ளது. அம்முயற்சி போற்றத்தக்கது. எனினும், அவ்விலையில் மரத்தைக் காக்கச் செல்வது எவ்வளவு, மரப்பெட்டிக்குச் செல்வது எவ்வளவு என்று வாங்குவோர் கேட்பதில் தவறில்லை.

பெயரை நம்பி ஏமாந்த நிகழ்வும் உண்டு. விதையிலிருந்தே தாம் சாக்லேட்டு செய்வதாகச் சொல்லிப் புகழ்பெற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்று, தொடக்கக் காலத்தில் பிறர் செய்த சாக்லேட்டை வாங்கி உருக்கிப் பயன்படுத்தியதை 2015ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. உயர்ந்த விலையே உயர்ந்த தரத்திற்குச் சான்று என்று கொள்வோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

மலிவின் மறுபக்கம்

அவ்வாறாயின், விலை குறைந்ததை வாங்குவதே அறிவுடைமை என்று முடிவு செய்துவிடலாமா? செய்துவிட இயலாது. உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. சில ஏக்கர் நிலமே உடைய சிறு உழவர்களே பெரும்பாலும் அதனை விளைவிக்கின்றனர். அவ்விரு நாடுகளின் கொக்கோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் கொக்கோ சார்ந்த குழந்தைத் தொழிலில் ஈடுபட்டிருந்ததாக, 2020ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. கூர்மையான வெட்டுக்கத்தியால் காய்களைப் பிளப்பதும் பெருஞ்சுமை தூக்குவதும் அவர்கள் செய்த வேலைகளுள் அடங்கும். கூலிக்கு ஆள் வைக்க இயலாத உழவர், தம் பிள்ளைகளின் கைகளையே நாடுகிறார். கடையில் நாம் கொடுக்காத பணத்தை, பள்ளிக்குச் செல்லாத சிறுவன் ஒருவன் செலுத்துகிறான்.

மேலே விலை உயர்ந்தால் கீழேயும் உயரும் என்று எண்ணலாம். 2024ஆம் ஆண்டு நிகழ்ந்தது வேறு. உலகச் சந்தையில் ஒரு கிலோ பத்து டாலருக்கு விற்ற அதே மார்ச்சு மாதத்தில், ஐவரி கோஸ்ட் உழவருக்கு அரசு அறிவித்திருந்த விலை கிலோவுக்கு 1,000 பிராங்க். அது இரண்டு டாலருக்கும் குறைவு. விளைச்சலின் பெரும்பகுதி முன்கூட்டியே பழைய விலைக்கு விற்கப்பட்டிருந்தமையால் ஏற்றத்தின் பயன் அவரை உடனே எட்டவில்லை. அடுத்த மாதம் விலை உயர்த்தப்பட்டபோது அப்பருவத்தின் முதன்மை அறுவடை முடிந்திருந்தது. எனவே, விலை உயர்வு தானாகவே உழவரைச் சென்று சேர்வதில்லை. சேர்கிறதா என்று கேட்பவர் இருந்தால்தான் சேரும்.

கேட்க வேண்டிய வினா

அக்கேள்வியைக் கேட்பது இன்று முன்பைவிட எளிது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தென்னையின் நிழலில் கொக்கோ ஊடுபயிராக வளர்கிறது. அங்கு விளையும் விதைகளைத் தோட்டத்திலேயே நொதிக்க வைத்து, உள்ளூரிலேயே சாக்லேட்டாக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. மரத்திற்கும் உறைக்கும் இடையிலான தொலைவு குறையும்போது, கொடுக்கும் பணம் யாரைச் சேர்கிறது என்பதைக் காண்பதும் எளிதாகிறது. அயல்நாட்டுச் சாக்லேட்டிலும் விதை விளைந்த ஊர், கொக்கோவின் விழுக்காடு, உழவருக்குக் கொடுத்த விலை ஆகியவற்றை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனங்கள் உள்ளன.

பரிசளிப்பவருக்கு அழகிய பெட்டியும் மகிழ்ச்சி தரும் என்பது உண்மையே. அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பது குற்றமன்று. ஆனால், பெட்டிக்குக் கொடுத்த விலையைச் சாக்லேட்டின் தரமென்று மயங்குதல் கூடாது. விளைவித்தவரின் பங்கும் செய்தவரின் திறனும் அடங்கிய விலை, உயர்ந்ததாயினும் தகும். அவை அடங்காத விலை, நூறு ரூபாயாயினும் மிகுதியே.

அடுத்த முறை கடையில் நிற்கும்போது, பெட்டியின் முன்புறத்துப் பொன்னிற எழுத்துகளோடு நின்றுவிடாமல் பின்புறத்துச் சிறிய எழுத்துகளையும் படிக்கலாம். எங்கே விளைந்தது, யார் விளைவித்தார், என்ன சேர்ந்துள்ளது என்பவற்றுக்கு அங்கே விடை இருந்தால், அச்சாக்லேட்டின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.