வாயால் சொன்ன புகார்

வகுப்பறைச் செய்தி தேடி வந்தவர்கள் பொறுத்தருள்க. இன்று ஒரு கியர்பாக்ஸைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முழங்கால் வலியால் அம்மாவுக்குப் பேருந்தில் ஏற இயலாமற்போனபின், வாகன உரிமைச் சான்றிதழில் நான்காண்டு எஞ்சியிருந்த பழைய மகிழுந்து ஒன்றை வாங்கினோம். நம் ஊரில் பழைய வண்டி வாங்குவது எஞ்சிய ஆண்டுகளை வாங்குவதே. அது பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் நம் பணந்தான் கரைகிறது.

நான்காம் மாதத்தில், தோ பாயோவில் எங்கள் புளோக்கின் பன்மாடி நிறுத்துமிடச் சரிவில் ஏறும்போது வண்டி நடுங்கத் தொடங்கியது. கியர் மாறும்போது ஒரு தயக்கம். பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் ஓர் உலுக்கல். விற்றவரிடம் இருமுறை கொண்டுசென்றோம். “இந்த வகை வண்டி இப்படித்தான், மெதுவாக மிதியுங்கள்” என்று இருமுறையும் அனுப்பிவிட்டார். எட்டாம் மாதத்தில் ஒருநாள் மாலை, பிரேடல் சாலை நெரிசலில், இயந்திரம் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்னிருக்கையில் அம்மா. பழுதுபார்க்க நாலாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். விற்றவரின் உத்தரவாதமோ ஆறு மாதத்தோடு முடிந்திருந்தது.

ஓட்டுபவர்மீதே பழியைப் போடுவது புதிதன்று. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் நடுங்கியபோது (எங்கள் வண்டி அந்நிறுவனத்தினுடையது அன்று), பலரும் அதே குறையைச் சொல்வதை அறிந்திருந்தும், ஓட்டும் பாங்கே காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் கூறப்பட்டது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பின்வரிசை மாணவன் காது கேட்கவில்லை என்றால் “கவனமாக இரு” என்று நாமும் சொல்லிவிடுவதுண்டு அல்லவா?

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் ‘லெமன் சட்டம்’ நடப்பிலுள்ளது. பழைய வண்டிகளுக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டவேண்டியவர் விற்றவரே. அதன்பின் மெய்ப்பிக்கும் சுமை நம்முடையது. எங்கள் வண்டியில் குறை நான்காம் மாதமே தெரிந்தது. ஆனால் அதற்கு என்ன சான்று? கடிதமில்லை, குறுஞ்செய்தியில்லை, பட்டறைச் சீட்டுமில்லை. ஏட்டில் தேதி எழுதாத பிள்ளையிடம் ஏட்டைத் திருப்பிக் கொடுக்கும் நான், இரண்டு முறையும் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பழைய வண்டி தேயத்தான் செய்யும் என்பீர்கள். உண்மை. வயதையும் விலையையும் சட்டமும் கணக்கிற்கொள்கிறது. சக்கரத் தேய்வுக்கு நான் வழக்காடவில்லை. ஆனால் குறை சொல்லிக் கொண்டுவரப்பட்ட வண்டியைப் பார்த்ததற்கு எழுத்தில் ஒரு சீட்டுத் தருவதை விற்பவரின் கடமையாக்க வேண்டும் என்பேன். அச்சீட்டு இல்லாவிடில், ஆறு மாதம் என்ற பாதுகாப்பு எங்களைப் போன்றோரின் கையில் நிற்பதில்லை.

லோரோங் 8இல் வேறொரு பட்டறைக்காரர், கிளட்ச் தட்டுகளின் தேய்வு பல மாதமாக நடந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனுடன் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை அணுக எண்ணம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. உங்களுள் எவரேனும் அங்குச் சென்றிருந்தால், என்னென்ன தாள்களைக் கேட்டார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.