ஏமாற்றுபவரைப் பிடிக்கட்டும், ஆதாரத்தையும் காட்டட்டும்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் இடம் பிடிப்பது டைப்பிங் பயிற்சி புரோகிராம் அல்ல, கேம்ஸ்தான். இண்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால், கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடும் கேம்கள் சீக்கிரம் சலித்துவிடும். எங்கெங்கோ இருக்கும் பத்துப் பேர் ஒரே சர்வரில் இணைந்து ஆடும் மல்டிபிளேயர் கேம்களுக்குப் பிள்ளைகள் தாவிவிடுவார்கள். அடுத்த சில நாட்களில் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கும். “அப்பா, அவன் ஹேக் போட்டு ஆடறான்!”

இந்தப் புகார் சில நேரம் உண்மை. பல நேரம் தோற்ற ஆத்திரம். இரண்டையும் பிரித்தறிய சர்வர் நடத்துபவர்களிடம் என்ன கருவிகள் இருக்கின்றன, அவற்றை எந்த அளவு நம்பலாம் என்பது கேம் ஆடாத பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கருவிகளில் சில உங்கள் கம்ப்யூட்டருக்குள்தான் வந்து உட்காருகின்றன. அவை தவறாக ஒருவரைப் பிடித்துவிட்டால், காசு கொடுத்து வாங்கிய கேம் வீணாகிறது. கூடவே ஏமாற்றுக்காரன் என்ற பெயரும் ஒட்டிக்கொள்கிறது.

முதலில், ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். துப்பாக்கிச் சண்டை கேம்களில் இரண்டு வகை பிரபலம். ஒன்று வால்ஹேக், சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டிக் கொடுப்பது. இன்னொன்று எய்ம்பாட்; மவுஸை நீங்கள் நகர்த்தாமலே எதிரியின் தலையைக் குறி பார்ப்பது. வால்ஹேக் எப்படிச் சாத்தியமாகிறது? எதிரி எந்த இடத்தில் இருக்கிறார் என்ற தகவலை சர்வர் முன்கூட்டியே உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைத்துவிடுகிறது. கேம் புரோகிராம் அதைத் திரையில் காட்டாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். மறைத்ததை வெளியே எடுத்துக் காட்டுவதே வால்ஹேக்கின் வேலை. 2001ல் அசுஸ் நிறுவனம் சுவரை ஊடுருவிப் பார்க்கும் வசதியைத் தன் கிராபிக்ஸ் கார்டு டிரைவரிலேயே வைத்துக் கொடுத்து, ஆட்டக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக் கொண்டது. ஏமாற்றும் கருவியைப் பெரிய நிறுவனமே கொடுத்த வேடிக்கை அது.

கவுண்டர் ஸ்டிரைக் கேமை ஆட்டக்காரர்களே சொந்த சர்வர் வைத்து நடத்திய நாட்களில், சர்வர் பொறுப்பாளரான அட்மினிடம் இருந்த ஆயுதங்கள் எளிமையானவை. ஏஎம்எக்ஸ் மோட் எக்ஸ் என்ற துணைப் புரோகிராமை சர்வரில் இன்ஸ்டால் செய்து கொள்வார். ஒரு கட்டளை கொடுத்தால் ஆளை வெளியேற்றலாம். இன்னொன்று கொடுத்தால் தடை செய்யலாம். ஆளை ‘அறைவதற்கு’ என்றே தனியாக ஒரு கட்டளை இருந்தது. அறை வாங்கியவர் திரையில் எகிறித் துள்ளுவார். இவற்றுடன், சந்தேகத்துக்குரியவரின் கண்ணோட்டத்திலேயே ஆட்டத்தைப் பார்க்கும் ஸ்பெக்டேட்டர் வசதியும், ஆட்டம் முழுவதையும் பதிவு செய்திடும் டெமோ பைலும் இருந்தன. என் கருத்தில், இன்றுவரை வந்த கருவிகளில் மிகவும் நேர்மையானது இந்த டெமோ பைல்தான். குற்றம் சாட்டுபவர், குற்றம் சாட்டப்பட்டவர், இருவரையும் தெரியாத மூன்றாமவர் என மூவரும் ஒரே பதிவைப் போட்டுப் பார்க்க முடியும்.

அட்மின்கள் எல்லாரும் அப்படிப் போட்டுப் பார்த்தார்களா என்றால், அதுதான் இல்லை. தன்னைத் தொடர்ந்து மூன்று முறை சுட்டவரை ‘ஹேக்கர்’ என்று சொல்லி வெளியேற்றிய அட்மின்கள் ஏராளம். ஐபி முகவரியைத் தடை செய்தவர்கள் இன்னும் மோசம். ஒரு பிரவுசிங் சென்டரில் பத்து கம்ப்யூட்டர்கள் ஒரே ஐபி முகவரியில் வெளியே தெரியும். ஒருவர் செய்த தப்புக்கு அந்தக் கடையே அந்த சர்வருக்குள் நுழைய முடியாமல் போகும். இன்றும் மொபைல் இணைப்பில் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக் கொள்வதுண்டு. எனவே ஐபி தடை என்பது தெருவில் ஒருவன் கல் எறிந்தான் என்பதற்காகத் தெருவையே அடைப்பது போன்றது.

மனிதரை நம்ப முடியவில்லை என்பதால்தான் தானாக இயங்கும் கருவிகள் வந்தன. ஈவன் பேலன்ஸ் நிறுவனத்தின் பங்க்பஸ்டர், கால் ஆப் டூட்டி, பேட்டில்பீல்டு வரிசையின் அந்தக் காலப் பதிப்புகளில் காவல் காத்தது. ஆடுபவரின் கம்ப்யூட்டரில் மெமரியை அலசித் தெரிந்த ஏமாற்றுப் புரோகிராம்களின் அடையாளங்களைத் தேடும். திரையைப் படம் பிடித்து சர்வருக்கும் அனுப்பும். வால்வ் நிறுவனம் 2002ல் வால்வ் ஆன்டி சீட் என்ற தன் காவலாளியை கவுண்டர் ஸ்டிரைக்கில் கொண்டு வந்தது. சுருக்கமாக ‘வேக்’ என்பார்கள். வேக் விதிக்கும் தடை நிரந்தரமானது. ஏமாற்றுபவரைக் கண்டுபிடித்த உடனே தடை செய்யாமல், சில காலம் விட்டுப் பிடித்து மொத்தமாகத் தடை செய்யும். எந்தப் புரோகிராம் எப்போது மாட்டியது என்று அதை எழுதியவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல உத்திதான். ஆனால் தவறாகத் தடை வாங்கியவருக்கும், தான் எந்த நாளில் என்ன செய்ததற்காக இந்தத் தண்டனை என்று தெரியாது என்பதைக் கவனியுங்கள்.

தவறாகவும் தடை வருமா என்று கேட்கிறீர்களா? வந்திருக்கிறது. 2008 மார்ச்சில் சில குறும்பர்கள், ஏமாற்றுப் புரோகிராமில் இருக்கும் எழுத்துத் துணுக்கு ஒன்றை ஐஆர்சி அரட்டை அறைகளில் போட்டார்கள். அரட்டை விண்டோவைத் திறந்து வைத்துக்கொண்டே கேம் ஆடியவர்களின் மெமரியில் அந்த எழுத்துகள் இருந்தன. பங்க்பஸ்டர் அதைப் பார்த்தது. ஒரு தப்பும் செய்யாதவர்களைத் தடை செய்தது. 2010 ஜூலையில் மாடர்ன் வார்பேர் 2 ஆடிய சுமார் 12,000 பேருக்கு வேக் தடை விழுந்தது. தங்கள் ஸ்டீம் புரோகிராம் ஒரு பைலை அப்டேட் செய்த விதமே குழப்பத்துக்குக் காரணம் என்று வால்வ் பிறகு ஒப்புக்கொண்டது. தடைகளை நீக்கியது, மன்னிப்புக் கேட்டு, லெப்ட் 4 டெட் 2 கேமை இலவசமாகவும் கொடுத்தது. 2023 அக்டோபரில் நடந்ததுதான் புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டியது. ஏஎம்டி நிறுவனம் தன் கிராபிக்ஸ் டிரைவரில் ஆன்டி லேக் பிளஸ் என்ற வசதியைக் கொடுத்தது. அதை ஆன் செய்து கவுண்டர் ஸ்டிரைக் 2 ஆடியவர்கள் தடை வாங்கினார்கள். கேமின் உள் பைல்களில் அந்த டிரைவர் கை வைத்தது வேக்கின் பார்வையில் ஏமாற்று வேலையாகத் தெரிந்துவிட்டது. ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. தடைகளும் பின்னர் நீக்கப்பட்டன.

இவையெல்லாம் பலர் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டதால் வெளியே தெரிந்தவை. 12,000 பேர் சேர்ந்து கத்தினால் காதில் விழும். ஒரே ஒருவர் தவறாகப் பிடிபட்டால்? வேக் தடைக்கு உதவிப் பிரிவில் முறையிட்டால் வழக்கமாகக் கிடைப்பது, தடை நீக்கப்படாது என்ற பதில்தான். நிறுவனமே தன் தவறைக் கண்டுபிடித்தால்தான் விமோசனம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் கூட எந்த டிக்கெட்டில் என்ன தப்பு என்று சொல்லித்தான் அபராதம் போடுகிறார்.

இதற்காக ஏமாற்றுபவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுண்டர் ஸ்டிரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர் மேடையிலேயே பிடிபட்டார். குறி பார்க்க உதவும் புரோகிராமுக்கு அவர் வைத்திருந்த பெயர் வேர்ட்.இஎக்ஸ்இ! நம் பைல்களில் கடிதம் எழுதும் வேர்ட் இருப்பது போல, சந்தேகம் வராதாம். போட்டி அலுவலர் நேரில் வந்து கம்ப்யூட்டரைச் சோதித்ததில் குட்டு உடைந்தது. அவருக்கு 5 ஆண்டுத் தடை. ஒரு தப்பும் செய்யாத சக ஆட்டக்காரர்களின் அணியும் அதோடு கலைந்தது. ஏமாற்றுபவரால் எதிரணிக்கு மட்டும் நஷ்டம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் நல்ல வழி எது? என் ஓட்டு, இயந்திரம் சந்தேகிக்கட்டும், மனிதர் தீர்ப்புச் சொல்லட்டும் என்ற முறைக்குத்தான். வால்வ் நிறுவனமே 2013ல் ஓவர்வாட்ச் என்ற பெயரில் இதைச் செய்து காட்டியது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்கு, புகாருக்கு உள்ளானவரின் ஆட்டத்திலிருந்து எட்டு சுற்றுகளின் பதிவு வரும். பெயர் தெரியாது, அரட்டையும் தெரியாது. பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது அல்லது ஆதாரம் போதாது என்று பதில் தர வேண்டும். பிறகு வேக்நெட் என்ற, தானே கற்றுக்கொள்ளும் புரோகிராமும் இந்தக் குழுவுக்கு வழக்குகளை அனுப்பத் தொடங்கியது. 2018ல் அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒரு மாநாட்டில் சொன்ன கணக்கு சுவையானது. ஆட்டக்காரர்கள் கொடுத்த புகார்களில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிவானது. வேக்நெட் அனுப்பியவற்றில் 80 முதல் 95 சதவீதம்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மனிதர் சாட்டும் குற்றச்சாட்டில் பெரும்பகுதி நிற்கவில்லை. ஆத்திரத்தில் புகார் பட்டனை கிளிக் செய்கிறோம். அதே நேரம், மிகத் திறமையான இயந்திரம் அனுப்பியதிலும் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது வழக்குகளில், உட்கார்ந்து பதிவைப் பார்த்த மனிதர் ‘ஆதாரம் போதாது’ என்றிருக்கிறார். அந்த மனிதர் நடுவில் இல்லாவிட்டால் அவர்களும் வெளியே போயிருப்பார்கள். 2023ல் கவுண்டர் ஸ்டிரைக் 2 வந்தபோது, சாதாரண ஆட்டக்காரர்கள் தீர்ப்புச் சொல்லும் அந்தப் பழைய ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. எனக்கு அது பின்னோக்கி வைத்த அடியாகவே படுகிறது.

பதிவைப் பார்ப்பவருக்கும் பயிற்சி வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்த பிறகும் சுடப்பட்டேன் என்று உங்கள் பெண் சொன்னால், அது ஹேக்காக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தகவல் சர்வருக்குப் போய் வர 100 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். சுட்டவரின் திரையில் உங்கள் பெண் இன்னும் சுவருக்கு வெளியே நிற்பாள். சர்வர் அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்து, சுட்டவர் பார்த்ததையே ஏற்றுக்கொள்ளும். அதேபோல நல்ல ஹெட்போன் போட்டவர் காலடி ஓசையை வைத்தே கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பதைச் சொல்லிவிடுவார். எனவே ஒரு சுற்றைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சுவருக்குப் பின்னால் நகரும் ஆளைக் குறி தொடர்ந்து பின்பற்றுகிறதா, அது பல சுற்றுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது வரும் கருவிகள் வேறு திசையில் போகின்றன. 2020ல் ரயட் நிறுவனம் வேலரன்ட் கேமுடன் கொடுத்த வேன்கார்ட், விண்டோஸின் அடி ஆழமான கெர்னல் பகுதியில் அமர்கிறது. கேமைத் திறக்கும்போது அல்ல, கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதே இயங்கத் தொடங்குகிறது. விண்டோஸ் 11ல் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 ஆகியவை ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஏமாற்றுப் புரோகிராம்களும் அதே ஆழத்துக்கு இறங்கிவிட்டதால் இது தேவை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்கு பார்க்கவும் வருமான வரி கட்டவும் அதே கம்ப்யூட்டரைத்தான் வீட்டில் பயன்படுத்துகிறோம். ஒரு கேமுக்காக இவ்வளவு ஆழத்தில் இடம் கொடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று கிளிக் செய்து போகும் பதிமூன்று வயதுப் பையன் அல்ல. டாஸ்க்பாரின் வலது மூலையில் வேன்கார்ட் ஐகான் இருக்கும். அதில் ரைட் கிளிக் செய்து நிறுத்திவிடலாம். மீண்டும் கேம் ஆட வேண்டுமானால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திட வேண்டும்.

அதே ரயட் நிறுவனம் செய்த இன்னொரு காரியத்தைப் பாராட்டத் தோன்றுகிறது. பார்வைக்கு வரப்போகாத எதிரி எங்கே இருக்கிறார் என்ற தகவலை, வேலரன்ட் சர்வர் கூடுமானவரை அனுப்புவதே இல்லை. கம்ப்யூட்டருக்கு வராத தகவலை எந்த வால்ஹேக்கும் காட்ட முடியாது. யாரையும் வேவு பார்க்க வேண்டாம், யாரையும் தவறாகத் தண்டிக்கவும் வேண்டாம். சர்வரில் செய்யும் வேலை கூடும். அந்தச் செலவை நிறுவனம்தானே ஏற்க வேண்டும்?

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டீமில் 2024ல் வந்த ஸ்டீம் பேமிலீஸ் வசதி மூலம் ஆறு பேர் வரை கேம்களைப் பகிர்ந்து கொள்ளலாம். அண்ணன் வாங்கிய கேமைத் தம்பி தன் அக்கவுண்டில் ஆடும்போது ஏமாற்றி மாட்டிக்கொண்டால், அந்தக் கேமில் அண்ணனுக்கும் தடை விழும். தம்பி எங்கிருந்தாவது ‘இலவச ஹேக்’ ஒன்றை டவுண்லோட் செய்து, ஆன்டி வைரஸை ஆப் செய்யச் சொல்கிறது என்று உங்களிடம் வந்து நின்றால், தடையைப் பற்றிக் கூடக் கவலைப்பட வேண்டாம். முதலில் இண்டர்நெட் கேபிளைக் கழற்றுங்கள். அந்த பைலில் இருப்பது பெரும்பாலும் உங்கள் பாஸ்வேர்டுகளைத் தேடும் டிரோஜன்தான்.