பச்சை இல்லாத பச்சை அறை

ஏழாம் வகுப்பு ஆண்டுவிழாவில் எனக்கு வெள்ளைக்காரச் சிப்பாய் வேஷம். "வேஷக்காரனுங்க எல்லாம் கிரீன் ரூமுக்குப் போங்கடா" என்றார் தமிழய்யா. பச்சையாக ஓர் அறையைத் தேடிப் பள்ளிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். மேடைக்குப் பின்னாலிருந்த ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுதான் அது. மஞ்சள் சுண்ணாம்புச் சுவர். கரும்பலகையில் மீ.சி.ம. கணக்கு அழியாமல் இருந்தது. கட்டபொம்மன் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஜாக்சன் துரை, ஒட்டுமீசை பிய்ந்துவிடுமோ என்ற பயத்தில், புளியோதரையை ஒவ்வொரு பருக்கையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏன் சார் கிரீன் ரூம்னு பேரு?" என்று கேட்டேன். "மேடை வெளிச்சத்துல கண்ணு கூசும்ல? பச்சையைப் பார்த்தா குளிர்ச்சி" என்றார். முகமெல்லாம் பவுடரோடு நிற்பவனுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

பின்னாளில்தான் ஆண்டுக் கணக்கு இடித்தது. கண்ணைக் கூசவைத்ததாகச் சொல்லப்படும் வெளிச்சம் லைம்லைட். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுவாலையில் சுண்ணாம்புக் கட்டியைக் காய்ச்சினால் வருகிற வெள்ளொளி. லண்டன் கோவன்ட் கார்டன் அரங்குக்கு அது வந்தது 1837-ல். ஆனால் தாமஸ் ஷாட்வெல்லின் 'எ ட்ரூ விடோ' நாடகத்தில், 1678-லேயே, மேடைக்குப் பின்னாலிருக்கும் பச்சை அறையைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. அன்றைக்கு மேடையில் எரிந்தவை மெழுகுவத்திகள். கண் கூசுவதற்கு 159 ஆண்டுகள் முன்பே கண்ணுக்குக் குளிர்ச்சி தேடியிருக்கிறார்கள்!

இன்னும் கதைகள் உண்டு. 'சீன் ரூம்' மருவியது என்பார்கள். லண்டன் தெருப்பேச்சில் 'ஸ்டேஜ்' என்பதற்கு எதுகையாகக் 'கிரீன்கேஜ்' என்ற பழத்தின் பெயரைச் சொன்னார்கள், அதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் பேச்சுவழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம், அதுவும் தாமதம். ஷேக்ஸ்பியர் காலத்தில் பச்சை என்ற பேச்சே இல்லை, 'டயரிங் ஹவுஸ்' என்றார்கள். களைத்துப்போய் உட்காரும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். உடை என்று பொருள்படும் 'அட்டயர்' தலையிழந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

என் ஊகம் சப்பென்றிருக்கும். ஏதோ ஓர் அரங்கில் ஓர் அறை பச்சையாக இருந்திருக்கும். எங்கள் தெருவில் எல்லாருமே மாடி கட்டிவிட்ட பிறகும் ஒரு வீட்டுக்கு மட்டும் 'மாடிவீடு' என்றுதான் பேர். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்பார். பச்சை அறையும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும்.

அந்த அறைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று வெளியாட்களுக்கு அப்போதே ஆசை. அகராதி தந்த சாமுவேல் ஜான்சனின் 'ஐரீன்' 1749-ல் ட்ரூரி லேன் அரங்கில் நடந்தபோது, மனிதர் பொன்சரிகை வைத்த செக்கச்சிவந்த உள்சட்டையில் பச்சை அறைக்கு வந்து நின்றாராம். பிற்பாடு, நடிகைகளைப் பார்த்தால் மனம் அலைகிறது, இனிமேல் வரமாட்டேன் என்று நண்பர் காரிக்கிடம் சொல்லிவிட்டார். காரிக் அந்த அரங்கின் முதலாளி. அவரே பெரிய நடிகர். அகராதிக்காரரின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

வடமொழியில் நேபத்யம் என்ற சொல் உடையையும் குறிக்கும், உடுத்தும் இடத்தையும் குறிக்கும். மலையாளத்தில் அணியறை. நம் சபாக்களிலோ இன்றும் கிரீன் ரூம்தான். 'ஒப்பனை அறை' கதவில் ஒட்டிய காகிதத்தோடு சரி.

கதகளி அணியறையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். நளன், அர்ச்சுனன் போன்ற நாயகர்களுக்கு அங்கே 'பச்சை' வேஷம். நடிகர் பாயில் மல்லாந்து படுத்திருக்க, சுட்டிக்காரர் அரிசிமாவுக் குழம்பால் தாடையோரம் வெள்ளை விளிம்பு கட்டிக்கொண்டிருந்தார். மணிக்கணக்கில் ஆகும் வேலை. முகம் முழுக்கப் பச்சை பூசிய நளமகாராஜா, எங்கள் கட்டபொம்மனைப் போலவே, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.