அப்பா இறந்த பிறகு வந்த கடிதங்கள்

எங்கள் அடி அண்ணாமலைத் தெருவில் ஒரு ஆறு வயதுப் பையன் இருக்கிறான். அப்பாவுக்கு குவைத்தில் வேலை. சாயங்காலம் ஆனால் போனைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவான். வீடியோ காலில் அப்பாவிடம் பல் விழுந்ததைக் காட்டுவான், ஹோம்வொர்க்கைக் காட்டுவான். சில நாள் நெட் கிடைக்காது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

அவனைப் பார்க்கும்போதெல்லாம், நூறு வருடங்களுக்கு முன்னால் இதற்கு நேர் எதிர்த்திசையில் பிரிந்த ஒரு பையனின் ஞாபகம் வரும். அவன் பிறந்தது நம் தமிழ்நாட்டு மலை ஒன்றில். பெற்றோர் இங்கேயே இருக்க, அவன் மட்டும் தங்கையோடு லண்டனில் விடப்பட்டான்.

அவன் பெயர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை மறுபடியும் வேலை செய்ய வைத்த டாக்டர் என்று சொன்னால் சிலருக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் கதை இருக்கட்டும். முதலில் அந்த வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

கொல்லிமலையில் ஒரு மரவீடு

அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். 1913-ல் சேந்தமங்கலத்தில் கல்யாணம். ஆன கையோடு கொல்லிமலை ஏறி, வாழவந்தி பக்கம் குடியேறினார்கள். இப்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் போகிறது. அன்றைக்கு ரோடு கிடையாது. நடக்க வேண்டும், முடியாதவர்கள் டோலியில் போக வேண்டும்.

ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். தன் கையாலேயே மரவீடு கட்டினார். கறையான் ஏறாமலிருக்க, வீட்டைத் தாங்கும் கால்களின் மேல் தகரத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். 1914-ல் பால் பிறந்தான், பிறகு தங்கை கானி. பையனுக்கு ஸ்கூல் அம்மாதான். ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்பதால், மரத்தில் ஏறி உட்கார்ந்து பாடம் எழுத விட்டுவிட்டாராம். கணக்கை முடித்ததும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அம்மா கீழே நின்று திருத்துவார். காலில் செருப்பில்லாமல் மலைப்பிள்ளைகளோடு பிள்ளையாகத் திரிந்து வளர்ந்தவன் அவன்.

ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. லண்டனில் ஒரு வருடம் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர். ஆனால் மலையில் வேறு ஆள் யார்? பல் பிடுங்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். அங்கே அப்போது பெரிய தொல்லை நரம்புச்சிலந்தி. காலில் கொப்புளம் கிளம்பி, அதிலிருந்து நூல் மாதிரி நீளப் புழு வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளேயே அறுந்து சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும்.

எடுத்தால் மட்டும் போதாது என்று ஜெஸ்ஸிக்குத் தெரிந்தது. புண்ணோடு ஒருவர் கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீரில் கால் வைத்தால் புழுவின் குஞ்சுகள் அதில் கலந்துவிடும். அதைக் குடிப்பவர்களுக்கு அடுத்த வருடம் நோய். அதனால் கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, மேலிருந்து வாளியில் இறைக்கச் சொல்லிக் கொடுத்தார். இதே போன்ற எளிய வழிகளால்தான் பின்னாளில் நாடு முழுவதும் அந்த நோய் ஒழிந்தது. 2000-ல் இந்தியா நரம்புச்சிலந்தி இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கஞ்சி கொண்டுபோன வீடு

அவர்கள் வந்தது மதத்தைப் பரப்ப. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பல வருடங்கள் ஒருவரும் மாறவில்லை. உள்ளூர்ப் பூசாரிக்கு அவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. மருந்து வாங்க வருவார்கள், அதோடு போய்விடுவார்கள். இவர்களும் மருந்து கொடுப்பதை நிறுத்தவில்லை.

1918-ல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியது. கொரோனா காலத்தைப் பார்த்த நமக்கு இது புரியும். பயந்துபோய், காய்ச்சல் கண்டவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். எதிர்த்து நின்ற அந்தப் பூசாரியும் படுத்துவிட்டார். சாகும் நேரத்தில், தன் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். யாரை வரவிடக் கூடாது என்று நினைத்தாரோ, அவர்களை நம்பித்தான் பெற்ற பிள்ளையைக் கொடுத்தார்.

லண்டனுக்குப் போன பையன்

பாலுக்கு ஒன்பது வயது ஆனதும், 1923-ல் குடும்பமே இங்கிலாந்து போனது. படிப்புக்காகப் பிள்ளைகள் இருவரையும் லண்டனில் அத்தைகள் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் மட்டும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். மரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பையன், ஷூ போட்டு நகரத்து ஸ்கூலில் உட்கார வேண்டியதாயிற்று.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்தது கடிதம் ஒன்றுதான், அதுவும் கப்பலில். மலையில் பார்த்த பூச்சி, மரம், பறவை பற்றியெல்லாம் ஜெஸ்ஸி மகனுக்கு எழுதுவார்.

1929 ஜூன் மாதம் லண்டனுக்குத் தந்தி வந்தது. மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துவிட்டார். வயது 44. பாலுக்குப் பதினைந்து ஆகவில்லை.

தந்தி உடனே வந்துவிட்டது. கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. அப்பா போய்விட்டார் என்று தெரிந்த பிறகும், அப்பா எழுதியவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தக் கவரை அந்தப் பையன் எப்படிப் பிரித்திருப்பான்? எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

பிறகு ஈவ்லின் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். மகன் மனசில் இருந்தது உயரமான, அழகான அம்மா. எதிரே நின்றதோ மெலிந்து, கூனிப்போன ஒரு பெண். அம்மாவையே அடையாளம் தெரியவில்லை என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். எல்லோரும் இனி இங்கேயே இருந்துவிடு என்றார்கள். அவர் கேட்கவில்லை, திரும்பவும் இந்தியாவுக்கே வந்தார்.

பெற்ற பிள்ளைகளை விட்டு ஊராருக்குச் சேவையா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தக் கேள்வி தப்பில்லை. சேவைக்குப் போனவர்கள் தெரிந்து போனார்கள். அதற்கான விலையைப் பிள்ளைகளும் சேர்த்துக் கொடுத்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை.

எரித்த கூடை

பால் சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் மலைவீட்டுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் வெறும் கையால் மருந்து போடும் அப்பா, அன்று கையுறை போட்டுக்கொண்டு புண்ணைக் கழுவிக் கட்டினார். அம்மா ஒரு கூடையில் பழம் கொடுத்தார். பழத்தை எடுத்துக்கொண்டு கூடையை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூடையைத் தொடக் கூடாது என்று சொல்லி எரித்துவிட்டார்கள். பயமே அறியாத அப்பா பயந்த ஒரே நோய் என்று பையன் மனசில் அது பதிந்துவிட்டது.

அந்தப் பையன் அப்பா மாதிரியே முதலில் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றான், பிறகு டாக்டருக்குப் படித்தான். 1946-ல் வேலூர் வந்தார் பால் பிராண்ட். அடுத்த வருடம் மனைவி மார்கரெட்டும் வந்தார், கண் டாக்டர்.

தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். அவர் கண்டது வேறு. உணர்ச்சி இல்லாததுதான் காரணம். சுடு பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. தூங்கும்போது எலி கடித்தும் விரல் போயிருக்கிறது. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். மடங்கிய விரல்களை நீட்ட, நன்றாக இருக்கும் தசைநாரை இடம் மாற்றித் தைத்தார். குணமானவர்கள் மறுபடியும் பிச்சைக்கே போகக் கூடாதே என்று, அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையம் என்ற இடத்தையும் ஆரம்பித்தார். அப்பாவிடமிருந்து வந்த உளி அங்கே உதவியது.

ஈவ்லின் என்ன ஆனார்? எழுபதை நெருங்கும்போது மிஷனிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். சரி என்று வாங்கிக்கொண்டு, தனியாளாக மறுபடியும் மலையேறிவிட்டார். கொல்லிமலை, பச்சைமலை, நமக்குப் பக்கத்தில் இருக்கும் கல்வராயன் மலை என்று ஐந்து மலைத்தொடர்களில் வேலை செய்ய வேண்டும் என்பது கணவரோடு சேர்ந்து கண்ட கனவு. இடுப்பு எலும்பு முறிந்த பிறகும் மட்டக்குதிரையில் போனார். வீட்டில் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாராம். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் ஜெஸ்ஸிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

நம் ஊரிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறாத குடும்பம் குறைவு. அடுத்த முறை போகும்போது இந்தக் குடும்பத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் அந்தப் பையனுக்கு நெட் கிடைக்கவில்லை. என் போனைக் கொடுத்தேன். அப்பா முகம் தெரிந்ததும், "ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?" என்று கத்தினான். இரண்டு நிமிஷம்தான் லேட். அவனுக்கு அது பெரிய லேட்.