ஃபார்மேட் செய்யும் முன் டிரேசர்ட் பாருங்கள்!

சிதம்பரம் கிளையில் உள்ள கம்ப்யூட்டர்களில் கடலூர் சர்வர் கிடைக்கவில்லை என்று நண்பர் போன் செய்தார். நான் போவதற்குள் சர்வீஸ் ஆள் விண்டோஸை இரண்டு முறை ஃபார்மேட் செய்து, ஒரு வருடக் கணக்கு ஃபைல்களையும் சேர்த்து அழித்திருந்தார். கம்ப்யூட்டரில் கோளாறே இல்லை!

கடலூரில் ரிப், சிதம்பரத்தில் ஓஎஸ்பிஎஃப். ரூட்டர்கள் வழி அறிந்து கொள்ளும் இருவேறு புரோட்டோக்கால்கள் இவை. ஒன்று அறிந்த வழியை மற்றதற்குச் சொல்வதே ரூட் ரீடிஸ்ட்ரிபியூஷன். ரிப், இடையில் உள்ள ரூட்டர்களை எண்ணும். 15 வரை சரி. 16 என்றால் வழியே இல்லை என்று பொருள். ஓஎஸ்பிஎஃப்பின் கணக்கு வேறு. எனவே அதன் வழியை ரிப்பிடம் தரும்போது எண்ணையும் நாம்தான் தர வேண்டும். இங்கே யாரும் தரவில்லை. சிதம்பரத்துப் பாக்கெட் கடலூர் போய்ச் சேர்ந்தது. பதில் திரும்ப வழியில்லை. போக பஸ் உண்டு, வர பஸ் இல்லை! இரண்டு ஊரிலிருந்தும் டிரேசர்ட் கொடுத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"எல்லா வழியையும் இருபக்கமும் திறந்து விடலாமே?" என்றார் நண்பர். கூடாது என்பதே என் கருத்து. 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவில் ஏஎஸ் 7007 என்ற எண் கொண்ட நெட்வொர்க்கின் ரூட்டர், பிறரிடம் அறிந்த வழிகளைத் துண்டுதுண்டாக்கித் தன்னுடையவை போல அறிவித்துவிட்டது. உலக இன்டர்நெட்டே தடுமாறியது. தேவையான வழியை மட்டும் விட்டால் போதும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் டிரேசர்ட் உண்டு. நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்படாதீர்கள். கடைசி வரை போகிறதா என்று பாருங்கள்.

நண்பரின் கணக்கர் பழைய பில்களைப் பார்த்து இன்னும் டைப் செய்து கொண்டிருக்கிறார்.